கமேலியா பூக்கிற வரைக்கும்

மும்பை செம்பூரில் குளிர்காலம் உண்டு என்று சொன்னால் மலையில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். டிசம்பர் பிறந்துவிட்டால் காலையில் எங்கள் மொட்டை மாடிக் கதவின் இரும்புத் தாழ்ப்பாள் கையில் சில்லென்று படும். எதிரே இருக்கிற கட்டடங்களின் கீழ்ப்பாதி பனிப்புகையில் மறைந்திருக்கும். மேல்மாடிகள் மட்டும் தரையோடு சம்பந்தமில்லாமல் நிற்கும். ரயில் சத்தம் கேட்கும், ரயில் தெரியாது. அந்த நேரத்தில் தண்ணீர் டாங்கியின் நிழலில் போய் நின்றால் நான் யார், இன்றைக்கு என்ன கிழமை என்பதே மறந்துபோகும். அங்கேதான் என் அண்ணனின் கமேலியாச் செடி இருக்கிறது.

அடுப்பில் தோசைக்கல்லை வைத்துவிட்டு மாடிக்குப் போய் நின்ற கதைகள் என் வீட்டுக்காரரிடம் நிறைய உண்டு. வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார். நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அண்ணனுக்குத் தாராவியில் தோல்பை தைக்கிற பட்டறை. குன்னூரில் ஒரு கடைக்குப் பை கொடுக்கப் போனவர், திரும்பி வரும்போது இந்தச் செடியை மடியில் வைத்துக்கொண்டே ரயிலில் வந்தார். முழங்கை உயரம்கூட இல்லை. மெழுகு தேய்த்த மாதிரி இலை. இது தேயிலைக்குச் சொந்தக்காரச் செடியாம், மற்ற செடியெல்லாம் சோர்ந்து கிடக்கிற குளிரில் இது பூக்குமாம், பூ ரோஜாவைவிடப் பெரிதாம். வாசனை உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார். வாசனை இல்லாத பூவுக்கா இவ்வளவு தூரம் மடியில் இடம் கொடுத்தீர்கள் என்று சிரித்தேன். அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. கோபத்தில் நாங்கள் இருவரும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்தான்.

எங்கள் ஆட்களுக்குப் பூச்செடி என்றால் மல்லி. மல்லிக்கு என்ன செய்வோம்? குளிர் வந்ததும் கிளையை ஒட்ட வெட்டி, இலையை உருவி, கொஞ்ச நாள் தண்ணீர் காட்டாமல் காயப்போட்டு, பிறகு தண்ணீர் விடுவோம். அது வெறிபிடித்துப் பூக்கும். அண்ணன் கமேலியாவுக்கும் அதையே செய்தார். முதல் டிசம்பரில் கத்தரிக்கோலை எடுத்து மாங்குமாங்கென்று வெட்டித் தள்ளினார். வெட்டிய கிளைகளின் நுனியில் பச்சை நிறத்தில் உருண்டையாக என்னவோ இருந்தது. இலைக் குருத்தாக இருக்கும் என்று நினைத்துக் கூட்டி அள்ளிவிட்டோம். அவைதான் மொட்டுகள் என்று பின்னால் தெரிந்தபோது அண்ணன் ஒரு நாள் முழுக்க யாரோடும் பேசவில்லை.

அடுத்த வருடம் வேறு கூத்து. தேயிலைக்குச் சொந்தம் என்றால் தேயிலையையே உரமாகப் போடலாமே என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அது தப்பில்லை, வெறும் தேயிலையாக இருந்தால். பட்டறையில் நாள் முழுக்கப் பாலும் சர்க்கரையும் இஞ்சியும் சேர்த்துக் கொதிக்கவிடுகிற டீயின் சக்கையை அண்ணன் டப்பா டப்பாவாகக் கொண்டுவந்து வேரில் கொட்டினார். தாராவி எறும்பும் செம்பூர் எறும்பும் ஒன்றாகக் கூடிப் பெருநாள் கொண்டாடின. செடி இலையை உதிர்த்துவிட்டுக் குச்சியாக நின்றது. மைனிதான், அதாவது அண்ணன் மனைவிதான், அந்த மண்ணை முழுக்க மாற்றித் தென்னை நாரும் மக்கிய இலையும் கலந்து போட்டு அதைப் பிழைக்கவைத்தாள். அந்த வருடமும் பூ இல்லை.

மூன்றாவது வருடம் அண்ணனுக்கு மூச்சு முட்டல் வந்தது. மாடி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மைனி அவர் பக்கத்தைவிட்டு நகரவில்லை. செடியை நான் பார்த்துக்கொண்டேன். பார்த்துக்கொண்டேன் என்றால், தண்ணீர் விட்டேன், அவ்வளவுதான். யாரும் வெட்டவில்லை, யாரும் எதையும் கொட்டவில்லை. மழை ஓயப்போகிற சமயத்தில் அண்ணன் போய்விட்டார்.

வீடு நிறைய ஆட்கள். விரித்துப் படுத்த ஜமுக்காளங்களையும் போர்வைகளையும் துவைத்துக் காயப்போட நான்தான் மாடிக்குப் போனேன். அழுது அழுது கண் சரியாகத் தெரியவில்லை. செடியின் நுனிகளில் எல்லாம் பச்சை உருண்டைகள். தொட்டுப் பார்த்தேன், கெட்டியாக இருந்தது. சுற்றிலும் ஈரப் போர்வைகள் காற்றில் ஊதிக்கொண்டிருந்தன. இதைப் பார்க்காமல் போய்விட்டீர்களே என்று சத்தமாகவே சொன்னேன்.

மைனி இத்தாவில் இருந்தாள். எங்களில் கணவனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது. அதற்குப் பெயர்தான் இத்தா. வெள்ளைச் சேலை. பூ கிடையாது, அத்தர் கிடையாது. அந்நிய ஆண்கள் முன்னால் வரக் கூடாது. அவள் வீடு கட்டடத்தின் கடைசி மாடி. வாசலைத் திறந்து படியேறினால் மொட்டை மாடி. நான் இருப்பது அதே கட்டடத்தில் இரண்டாவது மாடி. மொட்டை மாடி நம் கூரைதானே, வெளி ஆகாதே, ராத்திரியில் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்று நான் வாதாடினேன். அவள் அசையவில்லை. இத்தா முடியட்டும் என்றாள்.

சரி, செடியையே கீழே கொண்டுவரலாம் என்றால் அதுவும் முடியாது. நான் அதற்குள் போனில் ஒரு இந்தி வீடியோ பார்த்திருந்தேன். மொட்டு வைத்த கமேலியாவை இடம் மாற்றக் கூடாது, தொட்டியைத் திருப்பி வைக்கக்கூடக் கூடாது, வெளிச்சம் வருகிற பக்கம் மாறினால் மொட்டெல்லாம் உதிர்ந்துவிடும் என்று அதில் சொன்னார்கள். போட்டோ எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள் மைனி.

“போட்டாவுல பாத்தா பாத்தாச்சுன்னு ஆயிரும். நீ பாத்துட்டு வந்து சொல்லுளா.”

அப்படித்தான் அது ஆரம்பித்தது. காலையில் தண்ணீர் விட்டுவிட்டு இறங்கும்போது ஒரு தடவை. மதியம் சாப்பாடு கொண்டுபோய், என்னிடமிருந்த சாவியைப் போட்டுத் திறந்து ஒரு தடவை. சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு தடவை. மதிய நேரம்தான் எனக்குப் பிடிக்கும். திரைச்சீலையை இழுத்துவிட்டிருப்பாள். வெயில் அதன் வழியாகத் தேனிறமாக உள்ளே வரும். கீழே பழைய பேப்பர்க்காரன் கூவிக்கொண்டு போகிற சத்தம் எங்கிருந்தோ வருகிற மாதிரி இருக்கும். மைனி தரையில் காலை நீட்டி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். சொல்லு என்பாள்.

நான் சொல்வேன். கதவைத் திறந்தேன். தரை ஈரமாக இருக்கிறது. டாங்கியின் நிழல் இன்றைக்குத் தொட்டியைத் தாண்டிப் போய்விட்டது. கிழக்குப் பக்கக் கிளையில் மூன்று மொட்டு சேர்ந்து இருக்கிறது, நடு மொட்டு சுண்டைக்காய் அளவு. மேலே ஒரு புறா உட்கார்ந்து பார்க்கிறது. எனக்கு வாய் நீளம் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த நாட்களில் அது பயன்பட்டது. சொல்லச் சொல்ல எனக்கே அந்த அறை மறைந்து இருவரும் மேலே நிற்கிற மாதிரி இருக்கும். சில நாள் அவள் தூங்கிப்போவாள். நான் எழுந்து போக மனமில்லாமல் சொல்லிக்கொண்டே இருப்பேன், இல்லாத மொட்டையும் சேர்த்து.

இதற்கு நடுவில்தான் என் மருமகன், அண்ணனின் ஒரே மகன், கோபர்கைரனேயில் இருக்கிற தன் வீட்டிலிருந்து வந்து ஒரு முடிவைச் சொன்னான். இத்தா முடிகிற அன்றைக்கே உம்மாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்விடுவான். ஒரு அறையைக் காலிசெய்து அவளுக்கென்று வைத்திருக்கிறான். இந்த வீட்டை வாடகைக்கு விட ஆள்கூடப் பார்த்தாகிவிட்டது. நல்ல பிள்ளை. வாப்பா போன பிறகு உம்மாவைத் தனியாக விட்டான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்கிற பயமும் அதில் இருந்தது, பாசமும் இருந்தது. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து நான் சண்டை போட்டதும் சமாதானமானதும் மைனியோடுதான். அவள் போய்விட்டால் இந்தக் கட்டடத்தில் எனக்கு யார் இருக்கிறார்கள்? என் வீட்டுக்காரர் இருக்கிறார். அவரோடு என்ன பேசுவது?

மைனி மகனிடம் போவேன் என்றும் சொல்லவில்லை, போக மாட்டேன் என்றும் சொல்லவில்லை. “உங்க வாப்பா வச்ச செடி மொட்டு வச்சிருக்கு. அது பூத்துட்டா வாரேன்,” என்றாள்.

அவன் உடனே சரி என்றான். பாவம், மறுக்க அதில் என்ன இருக்கிறது. அதற்குப் பிறகு ஆபீஸ் ரயிலில் ஏறியதும் எனக்கு போன் செய்வது அவன் வழக்கமாகிவிட்டது. மாமி, பூத்துட்டா? இல்லப்பா. எப்ப பூக்கும்? அதைச் செடியிடம்தான் கேட்க வேண்டும் என்பேன்.

அக்டோபர் சூடு வந்தது. மும்பையில் அந்த மாதம் இரண்டாவது சித்திரை. எங்கள் டாங்கியில் போர்வெல் தண்ணீரைக் கலந்துவிடுகிறார்கள்; அந்த உப்பு இந்தச் செடிக்கு ஆகவே ஆகாது, இலை மஞ்சளாகிவிடும். ஆகவே விடியற்காலையில் குழாயில் நல்ல தண்ணீர் வரும்போது பிடித்து, என் முழங்காலைத் திட்டிக்கொண்டே வாளியைத் தூக்கி ஏறினேன். தொட்டியைச் சுற்றிக் கோணிச் சாக்கை நனைத்துக் கட்டினேன். வேர் சூடேறக் கூடாது. தண்ணீர் தேங்கவும் கூடாது, மண் காயவும் கூடாது. ஒரு நாள் காயவிட்டு மறுநாள் நிறைய ஊற்றினால் மொட்டைக் கீழே போட்டுவிடும். இவ்வளவு கோளாறு பிடித்த செடியை நான் பார்த்ததே இல்லை. என் மாமியார்கூட இவ்வளவு கேட்டதில்லை.

இன்னொன்றும் அந்த வீடியோவில் சொன்னார்கள். ஒரு நுனியில் இரண்டு மூன்று மொட்டு சேர்ந்திருந்தால் ஒன்றை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிவிட வேண்டும். அப்போதுதான் அந்த ஒன்று பெரிதாக, சீக்கிரமாக விரியும். மைனியிடம் சொன்னேன். அவள் கண்ணைத் திறந்துவிட்டாள். ஒன்றைக்கூடக் கிள்ளாதே என்றாள். எல்லாவற்றையும் விட்டால் லேட்டாகும் என்றேன். லேட்டானால் ஆகட்டும் என்றாள். கிள்ள மனம் வராமல் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

டிசம்பரில் மொட்டுகளின் நுனி வெளுத்தது. பிறகு ஒன்றின் உச்சியில் ஊசிமுனை அளவுக்கு ஒரு நிறம். அதைப் பார்த்த அன்று நான் ஓடி இறங்கி, படியில் தடுக்கி, செருப்பு ஒரு பக்கம் நான் ஒரு பக்கம் ஆனேன். என்ன நிறம், என்ன நிறம் என்று மைனி கேட்டாள். பிள்ளையின் உள்ளங்கால் நிறம் என்றேன். அவள் சிரித்தாள். அண்ணன் போன பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான். எனக்கும் சந்தோஷம், உடனே பயம். இது விரிந்தால் அவள் போய்விடுவாள். தினமும் வாளி தூக்கி நானே அவளை வழியனுப்பிக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியது.

இத்தா முடிய இன்னும் கொஞ்ச நாள் இருக்கும்போது முதல் பூ விரிந்தது. பனி நன்றாக இறங்கிய காலை. எதிர்க் கட்டடங்கள் இல்லவே இல்லை. வெள்ளைக்கு நடுவில் அந்த ஒரு பூ மட்டும் இருந்தது. இதழ்மேல் இதழாக, யாரோ பொறுமையாக உட்கார்ந்து மடித்து வைத்த மாதிரி. குனிந்து முகர்ந்தேன். ஒன்றும் இல்லை, குளிர்ந்த தண்ணீர் வாசம் மட்டும். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. புகை கலைந்து, எதிர்வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாக வந்த பிறகுதான் இறங்கினேன்.

மைனி என் முகத்தைப் பார்த்ததுமே கண்டுகொண்டாள். உட்காரச் சொன்னாள். எல்லாவற்றையும் கேட்டாள்: எத்தனை அடுக்கு, நடுவில் மஞ்சள் இருக்கிறதா, காம்பு வளைந்திருக்கிறதா. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. துடைக்கவில்லை. பிறகு என் கையைப் பிடித்தாள்.

“அவன்ட்ட சொல்லாத. இன்னும் விரியலன்னே சொல்லு.”

எனக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. அவளுக்கும் போக விருப்பமில்லை. எனக்காகத்தான் இருக்க நினைக்கிறாள், என்னைவிட்டுப் பிரிய முடியாமல் தவிக்கிறாள் என்று நானே நினைத்துக்கொண்டு, கீழே வந்து சமையற்கட்டில் நின்று சந்தோஷமாக அழுதேன். அதற்குப் பிறகு மருமகன் போன் செய்தபோதெல்லாம் வாய் கூசாமல் பொய் சொன்னேன். இல்லப்பா, இன்னும் இறுக்கமாத்தான் இருக்கு. மேலே செடி கேட்பாரில்லாமல் பூத்துத் தள்ளியது. ஒன்று விழுந்தால் இரண்டு விரிந்தது. கிள்ளாமல் விட்ட மொட்டுகள் எல்லாம் முறைவைத்து வந்தன.

இத்தா முடிந்த காலையில் மைனி குளித்துத் தொழுது, நான் எடுத்துவைத்திருந்த இளம்பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டாள். மருமகன் காரோடு வந்துவிட்டான். பூத்தாலும் பூக்காவிட்டாலும் இன்றைக்குக் கூட்டிப்போவது, பூக்கும்போது ஒரு நாள் கூட்டிவந்து காட்டுவது என்று அவனாக முடிவுசெய்திருந்தான். பையை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டான். மைனி வாசலைத் தாண்டினாள். கீழே இறங்கவில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினாள். நாங்கள் இருவரும் பின்னால் போனோம்.

வெளிச்சத்தில் அவளுக்குக் கண் கூசியது. கொஞ்ச நேரம் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு நின்றாள். செடி நிறையப் பூ. கீழேயும் பூ, இந்தப் பூ இதழ் இதழாக உதிராது, முழுசாக விழும், விழுந்த பிறகும் முகம் மேலே பார்த்துக்கொண்டு கிடக்கும். அவள் போய்த் தொட்டியின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். ஒரு பூவின் அடியில் கையைக் கொடுத்து, பறிக்காமல், ஏந்திக்கொண்டிருந்தாள். அண்ணன் அங்கே இருந்திருந்தால் வாசனை இல்லாததைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்.

மருமகன் என்னைப் பார்த்தான். மாமி, நேற்றுக்கூட இல்லை என்றீர்களே என்றான். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவன் கோபப்படவில்லை, சிரித்துவிட்டு உம்மாவிடம் திரும்பி, அதான் பூத்துவிட்டதே, இனிக் கிளம்பலாம்தானே என்றான். செடியில் இன்னும் விரியாத மொட்டுகள் இருந்தன. மைனி அதைக் காட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் காட்டவில்லை.

“நான் வரலப்பா,” என்றாள். “செடியச் சொல்லி நாளத் தள்ளிட்டேன். நேராச் சொல்ல தைரியம் வரல. நான் இங்கனயே இருக்கேன்.”

“தனியா எப்படி உம்மா இருப்பீங்க? எனக்கு அங்க டென்ஷனால வேலையே ஓடாது.”

மைனி பூவை விட்டுவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவள் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

“பதினேழு வயசுல உங்க வாப்பா வீட்டுக்கு வந்தேன். அதுக்கு முன்ன எங்க வாப்பா வீடு. ஒரு நாள் கூட ஒரு வீட்டுல நான் மட்டும் இருந்ததில்ல. இந்த இத்தாவுலதான் இருந்தேன். உங்க வாப்பாவ நெனச்சி அழுவேன். அழுது முடிச்சி, எனக்கு மட்டும் ஒரு டம்ளர் டீ போட்டுக் குடிப்பேன். ஏன் இன்னும் அழுவுற, ஏன் நிறுத்திட்டன்னு கேக்க ஆளில்ல. அது எனக்குப் பிடிச்சிருக்கு. தப்பான்னு தெரியல. பிடிச்சிருக்கு.”

அவன் டாங்கிச் சுவரில் சாய்ந்து நின்றுவிட்டான். அறைக்குப் பெயிண்ட் எல்லாம் அடித்தாயிற்றே என்று சின்னக் குரலில் சொன்னான். மாதத்தில் ஒரு நாள் வந்து அதில் படுத்துக்கொள்கிறேன் என்றாள் மைனி. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவனைத் தேற்றுகிற சாக்கில் நான் நடுவில் புகுந்து, உம்மாவைப் பற்றிக் கவலைப்படாதே, நான் எதற்கு இருக்கிறேன், தினமும் மூன்று வேளையும் போய்ப் பார்த்துக்கொள்வேன் என்றேன்.

மைனி என் பக்கம் திரும்பினாள். என் தோளில் கையை வைத்தாள். குரலில் கோபம் இல்லை, பாசம்தான் இருந்தது, அதுதான் எனக்கு இன்னும் வலித்தது.

“நீயும் மூணு வேள வராதளா. ஒரு வேள போதும். வரும்போது சாவியப் போட்டுத் தெறக்காத. தட்டிட்டு நில்லு.”

நாலு மாதமாக அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டது என் கதையைத்தான் என்று நினைத்திருந்தேன். நான் எப்போது எழுந்து போவேன் என்றும் சில நாள் காத்திருந்திருப்பாள். இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து அவள் கையில் கொடுத்துவிட்டு இறங்கி என் வீட்டுக்கு வந்துவிட்டேன். இரண்டு மூன்று நாள் மேலே போகவில்லை. என் வீட்டுக்காரர் என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன். தண்ணீர் விட மைனி காலையில் வாளியோடு ஏறுகிற சத்தம் படிக்கட்டில் கேட்டது. போய்க் கைகொடுக்க எழுந்தேன், பிறகு உட்கார்ந்துகொண்டேன்.

அதற்கு அடுத்த நாள் அஸருக்குப் பிறகு போனேன். கதவைத் தட்டினேன். உள்ளேயிருந்து, வாரேன் என்று குரல் கொடுத்தாள். ஆனால் உடனே வரவில்லை. என்னவோ செய்துகொண்டிருந்ததை முடித்துவிட்டுத்தான் வருவாள் போலிருக்கிறது. நான் வாசலில் நின்றேன்.